சிவப்புக் காரும் வெள்ளைக் கூரையும்: பந்தயக் கார்களின் வண்ண வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வண்ணம் என்னும் சொல் தமிழிலே ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைத் தாங்கி நிற்பது. நிறம் என்பது அதன் எளிய பொருள். தொல்காப்பியர் செய்யுளியலிலே இருபது வண்ணங்களை வகுத்துக் கூறுமிடத்து அச்சொல் ஓசையின் நடையைச் சுட்டுகின்றது. நடையையும் நிறத்தையும் ஒரே சொல்லாற் குறிக்கும் மொழியிலே பந்தயக் கார்களின் நிறத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுதல் பொருந்தாத செயலன்று என எண்ணுகின்றேன். எனினும் இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது தொல்காப்பியமன்று. கரம்பொனிலே எங்கள் வளவில் நின்ற ஒரு பழைய ஒஸ்ரின் காரும், 1973ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் அக்காரிலே சாட்டிக் கடற்கரைக்குச் சென்று வந்த ஒரு பகற்பொழுதுமே தூண்டின.

அக்கார் என் அம்மானுக்கு உரியது. கொழும்பிலே எழுதுவினைஞராகப் பணியாற்றிய அவர் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தைப் பழைய விமானத் திடலில் நடைபெற்ற கார்ப்பந்தயங்களை நேரிற் கண்டவர். 1964ஆம் ஆண்டில் ஏதோ ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவந்த படமொன்றைப் பார்த்துவிட்டு, விடுமுறைக்கு ஊர் வந்தபோது தம் சாம்பல் நிற ஒஸ்ரினைத் தூரிகை கொண்டு தாமே சிவப்பாக்கினார். கூரைக்கு மட்டும் வெள்ளை தீட்டினார். கதவிலே வெள்ளை வட்டம் ஒன்றை வரைந்து அதனுள்ளே 37 என்னும் இலக்கத்தையும் எழுதினார். ஆச்சி வெளியே வந்து பார்த்து, “உதென்ன மோனை, கோயில் மதிலுக்கு அடிச்ச மாதிரி?” என்று கேட்டாராம். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துகளும் சிவப்பு நிறமாதலால் அயலவர் அதனை “இ.போ.ச. கார்” என்று அழைத்தனர். 37 எந்தப் பாதைக்குரிய இலக்கம் என்று கேட்டுச் சிரித்தவர்களும் உளர்.

அவ்வாண்டு மொன்ரி கார்லோப் போட்டியில் வெற்றி பெற்ற மினி கூப்பர் காரின் கோலமே அது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நான் அறிந்துகொண்டேன். பாடி ஹொப்கேர்க், ஹென்றி லிடன் என்னும் இருவரும் சோவியத் நாட்டின் மின்ஸ்க் நகரிலிருந்து பனியினூடே புறப்பட்டு மத்தியதரைக் கடலோரம் வந்து சேர்ந்தனர். அவர்களது சிறிய காரின் உடல் சிவப்பு, கூரை வெள்ளை, இலக்கம் 37. 1965இலும் 1967இலும் அதே இனக் கார்களே அப்போட்டியில் வென்றன. 1966இல் முதல் மூன்று இடங்களையும் பெற்றபோதிலும் முன்விளக்கு விதியைக் காரணங்காட்டி நடுவர் அவற்றை நீக்கினர். ஒஸ்ரின், மொறிஸ் என்னும் இரு நிறுவனங்களும் 1952இல் ஒன்றாக இணைந்தமையால் அம்மானின் காருக்கும் மினிக்கும் ஒன்றுவிட்ட சகோதர முறை சொல்லலாம். உறவுக்காரர் சட்டையை வாங்கி அணிந்துகொண்டது போன்றது அவர் செய்த வேலை.

மொன்ரி கார்லோப் போட்டியின் தோற்றமே எமது பொருளுக்கு நெருங்கியது. 1911ஆம் ஆண்டு தைமாதத்தில் அது முதன்முதல் நடைபெற்றது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலிருந்து தனித்தனியே புறப்பட்டவர்கள் ஒரே கடற்கரையில் வந்து கூடினர். துர்க்கா மெரி என்னும் காரைச் செலுத்திய ஹென்றி ரூஜியே வெற்றி பெற்றார். குளிர்காலத்திலே செல்வர்களைத் தம் கடற்கரைக்கு அழைப்பதே அதனை ஏற்படுத்தியோரின் நோக்கம். ஆகவே குளிர்காலக் கடற்கரைப் பயணத்துக்கும் பந்தயக் காருக்கும் உள்ள தொடர்பு அம்மானின் கற்பனையில் உதித்ததன்று.

இனிப் பந்தய நிறங்களின் வரலாற்றுக்கு வருவோம். ஓடும் ஊர்தியை நிறத்தாலோ கொடியாலோ இனங்காணும் வழக்கம் மிகப் பழையது. பாரதப் போரிலே அருச்சுனன் தேருக்குக் குரங்குக் கொடியும் வீடுமன் தேருக்குப் பனைக் கொடியும் உண்டு. உரோமாபுரியின் தேர்ப்பந்தயத்திலே சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம் என நான்கு கட்சிகள் இருந்தன. அவற்றுள் நீலமும் பச்சையும் கொன்ஸ்தந்தினோப்பிளிலே அரசியற் படைகளாகவே வளர்ந்தன. கி.பி. 532ஆம் ஆண்டு தைமாதத்தில் அவ்விரு கட்சியினரும் ஒன்றுகூடிச் செய்த நிக்கா கலகத்தில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. மாண்டோர் முப்பதினாயிரம் வரையினர் என அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதினார். நிறம் விளையாட்டாகத் தொடங்கி விளையாட்டாகவே முடிவதில்லை என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

மோட்டார்ப் பந்தயத்திலே நாட்டுக்கொரு நிறம் என்னும் முறை 1900ஆம் ஆண்டு கோர்டன் பெனற் கிண்ணப் போட்டியுடன் தொடங்கியது. எலியற் ஸ்பொரொவ்ஸ்கி பிரபு என்பார் இதனை முன்மொழிந்தார். பிரான்சுக்கு நீலம், யேர்மனிக்கு வெள்ளை, பெல்ஜியத்துக்கு மஞ்சள், அமெரிக்காவுக்குச் சிவப்பு என அந்நாளில் நிறங்கள் பகிரப்பட்டன. பிரித்தானியாவுக்கு நிறம் இல்லாது போயிற்று. ஏனெனிற் கொடியில் உள்ள மூன்று நிறங்களையும் பிறர் கொண்டுபோய்விட்டனர். 1902இல் எட்ஜ் என்பார் நேப்பியர் காரைச் செலுத்தி வென்றமையால் அடுத்த ஆண்டுப் போட்டியைப் பிரித்தானியர் நடத்தவேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் வீதிகளிலே பந்தயம் நடத்தச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே போட்டி அயர்லாந்துக்குப் போயிற்று. அந்நாட்டைச் சிறப்பிக்கும் முகமாகவே பச்சை நிறம் கொள்ளப்பட்டது என்பர். இன்று ஆங்கிலேயரின் தனிச்சிறப்பாகப் பேசப்படும் பந்தயப் பச்சை, அவர்கள் ஆண்ட தீவொன்றிலிருந்து இரவல் பெற்ற நிறமே என்பது கவனிக்கத்தக்கது. நிறங்களைப் பகிர்ந்து தந்த ஸ்பொரொவ்ஸ்கி அவ்வாண்டே, 1903 சித்திரையில், மொன்ரி கார்லோவுக்கு மேலுள்ள லா துர்பி மலையேற்றப் போட்டியில் விபத்துக்குள்ளாகி இறந்தார். பின்னர்ச் சிவப்பு இத்தாலிக்கு உரியதாயிற்று. அமெரிக்கர் வெள்ளையும் நீலமும் கொண்டனர்.

யேர்மனியின் வெள்ளை வெள்ளியான கதை இத்துறையிலே மிகுதியாகச் சொல்லப்படுவது. 1934ஆம் ஆண்டு ஆனி 3ஆம் நாள் நூர்பேர்க் வட்டத்தில் நடந்த போட்டிக்கு முன்னர் மேர்சிடிஸ் கார் 750 கிலோ என்ற எல்லையை ஒரு கிலோவால் மீறியதாம். அணி முகாமையாளர் நியூபவர் இரவோடிரவாக வெள்ளைப் பெயின்ற் முழுவதையும் சுரண்டச் செய்தாராம். மறுநாட் காலை உலோகத்தின் நிறத்துடன் கார் களத்தில் இறங்கி வென்றதாம். வெற்றி உண்மை. மற்றையவற்றை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். அக்காலப் பத்திரிகைகளில் இதற்குச் சான்றில்லை என்றும், நியூபவரின் நினைவுக் குறிப்புகள் வெளிவந்தது இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே என்றும் அவர்கள் காட்டுவர். நான் ஐயுறுவோர் பக்கமே சார்கின்றேன். எனினும், சுரண்டினாற் கீழே வேறொரு நிறம் உண்டு என்னும் எண்ணம் மனத்தை விட்டு அகல மறுக்கின்றது. அதன் காரணம் இக்கட்டுரையின் இறுதியிற் புலப்படும்.

ஆசியாவுக்கு இவ்வரிசையில் இடமிருந்ததா? இருந்தது. சீயம் நாட்டு இளவரசர் பீரா 1930களில் வெளிர் நீல நிறக் காருடன் ஐரோப்பியக் களங்களிலே தோன்றினார். உறவினரான சூலா இளவரசரின் பொருளுதவியுடன் ‘ரொமுலஸ்’ எனப் பெயரிட்ட காரைச் செலுத்தி 1936இல் மொனாக்கோவிலே ஒரு கிண்ணத்தை வென்றார். பிற்காலத்தில் அவர் வறியராகி, 1985 மார்கழி 23ஆம் நாள் இலண்டனிலே சுரங்கப் புகையிரத நிலையம் ஒன்றில் மாரடைப்பால் இறந்தார். அவர் இன்னாரென அறியக் காவலருக்கு இயலவில்லை. சட்டைப்பையிலிருந்த தாய்மொழிக் கடிதம் ஒன்றைப் பல்கலைக்கழகத்தாரிடம் கொடுத்து வாசிப்பித்த பின்னரே இறந்தவர் இளவரசர் என்பது தெரியவந்ததென்பர். ஒருகாலத்தில் தொலைவில் வரும்போதே நிறத்தால் இனங்காணப்பட்டவரை இறுதியில் எழுத்தே அடையாளங் காட்டிற்று.

எழுத்து என்றவுடன் எம் நாட்டுக்குத் திரும்பவேண்டியுள்ளது. ஐரோப்பாவிலே கார்கள் நாட்டின் நிறத்தைத் தாங்கி ஓடிய அதே காலத்தில் இலங்கையிலே கார்களின் இலக்கத் தகட்டில் எழுதிய ஓர் எழுத்து பெரும் பிணக்குக்கு ஏதுவாயிற்று. 1957 தைமாதம் வரை சிலோன் என்னும் பெயரிலிருந்து எடுத்த ஆங்கில எழுத்துகளே தகடுகளில் இருந்தன. அம்மாதம் அவற்றின் இடத்தைச் சிங்கள ஸ்ரீ பெற்றது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் தம் ஊர்திகளிலே தமிழ் ஸ்ரீயை எழுதினர். 1957 ஆடியில் பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகியதும் கொதிப்புச் சற்றுத் தணிந்தது. 1958 பங்குனியில் புதிதாகத் தேசியமயமாக்கப்பட்ட போக்குவரத்துச் சபையின் பேருந்துகள் சிங்கள எழுத்துடன் வடக்குக்கு அனுப்பப்பட்டன. இங்கே அவ்வெழுத்து அழிக்கப்பட்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. சித்திரை 9ஆம் நாள் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. வைகாசியிலே நாடு தழுவிய இனக்கலவரம் மூண்டது. ஒரு வாளித் தாரும் ஒரு தூரிகையும் இவ்வளவுக்கும் கருவியாயின. இவ்வரலாற்றைக் கற்பிக்கும்போது நாம் உடன்படிக்கையின் வாசகங்களையே ஆராய்கின்றோம். ஊர்தியின் மேனியிலே தீட்டியதை ஆவணமாகக் கொள்வதில்லை. அது ஒரு குறைபாடென்றே கருதுகின்றேன்.

அம்மானின் கார் 1957க்கு முற்பட்டது. ஆகவே அதன் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இரண்டே இருந்தன. “எங்கடை காருக்கு எழுத்துச் சண்டை இல்லை” என்று அவர் சொல்வதுண்டு. வேறோர் அரசின் எழுத்தாற் கிடைத்த அமைதி அது என்பதை அவர் அறியாதவரல்லர். சாட்டிக்குப் போன அன்று நான் முன்னிருக்கையில் அமர்ந்து, எதற்காகச் சிவப்பு என்று கேட்டேன். “மருமோன், உது விளையாட்டுக்கு அடிச்ச பெயின்ற் இல்லை. தூரத்திலை வரேக்கையே ஆற்றை கார் எண்டு சனத்துக்குத் தெரியவேணும்” என்றார்.

அந்த மார்கழியிலே காரை எடுப்பது எளிதான காரியமாக இருக்கவில்லை. ஐப்பசியில் மூண்ட மத்திய கிழக்குப் போரைத் தொடர்ந்து எண்ணெய் விலை உயர்ந்தது. அந்நெருக்கடியால் 1974ஆம் ஆண்டுக்குரிய மொன்ரி கார்லோப் போட்டியே நடைபெறாது போயிற்று. நாட்டிலே மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. அம்மான் பல கிழமைகளாகப் பெற்றோலை மிச்சம் பிடித்து வைத்திருந்தார். நாரந்தனை, சரவணை வழியாக வேலணையை அடைந்து தெற்கே திரும்பினோம். சில கட்டை தூரந்தான். எனினும் எமக்கு அது நெடும்பயணம். வாடைக் காலத்தில் வடகரையிலே நிற்க முடியாது. சாட்டியோ தென்கரையில் உள்ளது. காற்று நிலத்தின் மேலாகத் தவழ்ந்து வருவதால் அலை தணிந்திருக்கும். வானம் மூடியிருந்தது. நீர் ஈயத்தின் நிறமாயிருந்தது. ஆச்சி பனையோலைப் பெட்டியிலே அவித்த பனங்கிழங்கும் புட்டும் கட்டிவந்திருந்தார். கிழங்கின் நாரை உரித்துத் தும்பை எடுத்துத் தருவது அம்மாவின் பணி. மணலிலே வேறெவரும் இல்லை. கரையில் ஏற்றிவிட்ட வள்ளங்கள் சில இருந்தன. அம்மான் காரைச் சற்றுத் தொலைவிலே நிறுத்திவிட்டு, எம்மோடு வந்து இருந்து, அதனையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிற வானுக்கும் மணலுக்கும் நடுவே அச்சிவப்பு ஒன்றே கண்ணிற்பட்டது. நெய்தற்குரிய சிறுபொழுதாகிய எற்பாடு வரும்வரை இருந்துவிட்டுத் திரும்பினோம். நடந்தது இவ்வளவே. எமது ஊரிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் சங்க இலக்கியத்தின் நிலத்தோற்றத்தை ஆங்கிலத்தில் ஆராய்ந்தவர். அவரது நூலைப் பின்னாளிற் படிக்கும்போதெல்லாம் நெய்தற் பகுதியிலே எனக்கு ஒரு சிவப்புக் கார் இடையிடும்.

நாட்டு நிறங்கள் மறைந்த விதத்தைச் சுருங்கக் கூறலாம். 1964இல் பெராரி தன் நாட்டுச் சம்மேளனத்துடன் பிணங்கி அவ்வாண்டின் கடைசி இரு போட்டிகளில் வெள்ளையும் நீலமும் தீட்டி ஓடிற்று. அவ்வாறு ஓடியே சேர்ற்றீஸ் உலக வீரரானார். ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட மரபைக் கோபம் ஒன்று இரண்டு போட்டிகளுக்கு நிறுத்தி வைத்தது. மரபை முற்றாக முடித்தது பணம். 1968ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தென்னாபிரிக்காவில் தனியார் அணியொன்று சிகரெட் நிறுவனத்தின் நிறத்துடன் ஓடியது. அவ்வாண்டு வைகாசியில் ஸ்பெயின் நாட்டுப் போட்டியிலே லோட்டஸ் அணி பச்சையைக் கைவிட்டுச் சிவப்பு, வெள்ளை, பொன் எனப் புகையிலைப் பெட்டியின் கோலத்தைப் பூண்டது. 1972இல் அதுவே கறுப்பும் பொன்னுமாக மாறிற்று. அழகு என்னும் அளவில் அக்கறுப்புக் காரை விஞ்சியது இல்லை எனப் பலர் கூறுவர், எனக்கும் மறுப்பில்லை. ஆயினும் நாடு இருந்த இடத்தில் நிறுவனம் ஏறியமர்ந்ததைக் காணாதிருக்க முடியாது. யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதிலே ஏளனஞ் செய்யத் தகுதியுடையோம் அல்லோம். எமது கல்வீடுகள் பலவும் திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றிய பணத்தில் எழுந்தவையே. ஐரோப்பிய ஒன்றியத்தின் புகையிலை விளம்பரத் தடை 2005இல் நடைமுறைக்கு வந்தபின் அந்நிறங்களும் படிப்படியாக நீங்கின. இடையிலே 1975இல் அலெக்சாண்டர் கால்டர் என்னும் சிற்பி பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றுக்கு வண்ணந்தீட்ட, அது லு மான் போட்டியிலே ஓடியது. 1979இல் அன்டி வார்ஹோலும் அவ்வாறே ஒன்றைத் தீட்டினார். அவை கலைக்கூடத்துக்கு உரியன. இங்கு விரித்தல் வேண்டா.

தமிழர் பக்கத்திலே சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தைக் குறிப்பிடாது விடலாகாது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் திடலான அதிலே சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையிலே அதற்கெனத் தனித் தடம் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1977ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளிற் பிறந்தவர். 2005இல் ஜோர்டான் அணியின் மஞ்சட் காரிலே உலகப் போட்டிக்கு வந்த முதல் இந்தியர் அவர். அம்மான் அதனைத் தொலைக்காட்சியிற் பார்க்க உயிரோடிருக்கவில்லை.

1990இல் தீவகத்திலே போர் மூண்டபோது கரம்பொன் மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு நீங்கினர். காரை வளவிலே விட்டுவிட்டே நாமும் வெளியேறினோம். குடாநாட்டிலே பெற்றோலுக்குத் தடை இருந்த அடுத்த ஆண்டுகளில் பழைய ஒஸ்ரின்கள் மண்ணெண்ணெயில் ஓடிப் பெயர் பெற்றன. எங்களுடையதற்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அம்மானின் மகன் இலண்டனிலே குடியேறினான். கார்த்திகைக் குளிரிலே 1905க்கு முற்பட்ட கார்கள் இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரைவரை ஊர்ந்து செல்லும் விழா ஆங்கே ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. 1896இல் வேக எல்லை தளர்த்தப்பட்டதை நினைவுகூருவது அது. ஒருமுறை அதனைப் பார்த்துவிட்டு அவன் எனக்கு எழுதிய கடிதத்திலே கார்களைப் பற்றி ஒரு வரியே இருந்தது. மிகுதி முழுவதும் சாட்டியைப் பற்றியது.

2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டபின் ஊருக்குப் போனேன். வீட்டின் கூரை இல்லை. வளவெங்கும் பற்றை. கார் நின்ற இடத்திலே அதன் கூடு மட்டும் இருந்தது; இயந்திரமும் சில்லுகளும் தகடும் யாராலோ கொண்டுசெல்லப்பட்டிருந்தன. கதவின் விளிம்பிலே பெயின்ற் செதிள் செதிளாகக் கழன்றிருந்தது. ஒன்றை நகத்தாற் பெயர்த்துப் பார்த்தேன். மேலே செங்கல் நிறமாக வெளிறிய சிவப்பு. அதன் கீழே தொழிற்சாலையிற் பூசிய சாம்பல் நிறம். அதன் கீழே துரு. வெள்ளை வட்டத்திலே மூன்று அழிந்துவிட்டது. ஏழு இருந்தது.